சிறந்த தன்னார்வலர் விருது எப்போதும் தெரிந்த முகங்களுக்கே போகிறது: தேர்வை எப்படி ஒழுங்குபடுத்துவது?

விருதுக்குழு_அமைப்பாளர் கேட்டது:

வணக்கம். எங்களுடையது ஒரு தொழில்முறைச் சங்கம். உறுப்பினர்கள் சுமார் 1,400 பேர், கிளைகள் 9. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ‘சிறந்த தன்னார்வலர்’ என்று ஒருவருக்குக் கேடயம் கொடுப்பது வழக்கம். இதுவரை செயற்குழுவே பேசி முடிவு செய்துவந்தது. இந்த முறை தனியாக விருதுக்குழு அமைத்திருக்கிறார்கள். பொதுக்கூட்டத்துக்கு இன்னும் 26 வாரம் இருக்கிறது.

பரிந்துரை கேட்டு மெயில் அனுப்பினால் ஏழெட்டுதான் வருகின்றன. அதிலும் பாதிக்கு மேல் மாநாட்டு மேடையில் தெரிகிறவர்கள். சான்றிதழ்த் தேர்வுக்கு வினா எழுதுகிறவர்கள், ஆய்விதழ்க் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்கிறவர்கள், கிளைக் கணக்கை வருடம் முழுக்கப் பார்க்கிறவர்கள் பெயர் வருவதே இல்லை. இருபது வருடம் உழைத்தவரும், இந்த ஓராண்டில் பெரிய காரியம் ஒன்றை முடித்தவரும் ஒரே பட்டியலில் நின்றால் எப்படி ஒப்பிடுவது? மதிப்பெண் போட்டால் சச்சரவு வராது என்கிறார்கள், சரிதானா? கேடயத்துக்குப் பதிலாகச் சந்தாவைத் தள்ளுபடி செய்யலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

துணைவிதி எழுதியது:

இருபது வருடமா, இந்த ஓராண்டா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற குழப்பங்கள் பலவும் அங்கேதான் கிளம்புகின்றன. நீண்ட காலச் சேவையையும் தனிச்சிறப்பான பங்களிப்பையும் ஒரே விருதில் அடைக்காதீர்கள். அடைத்தால் ஒவ்வோர் ஆண்டும் மூத்தவரே வெல்வார். இல்லையென்றால் மூத்தவர் தோற்று, மனம் கசந்து ஒதுங்கிவிடுவார். இரண்டும் சங்கத்துக்கு நஷ்டம்.

சேவைக் காலத்துக்குப் போட்டியே வேண்டாம். 5, 10, 15, 20 ஆண்டு என்று படிகள் வைத்து, எட்டியவர் அத்தனை பேருக்கும் கிடைக்கும்படி செய்துவிடுங்கள். அதற்கு நடுவர் தேவையில்லை. யார், எந்தக் குழுவில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று ஒழுங்கான பதிவேடு இருந்தால் போதும். ஆண்டுகளைத் தொடர்ச்சியாக எண்ணாமல் கூட்டிக் கணக்கிடுங்கள். பிள்ளைப்பேறு, நோய், வேலை மாற்றம் என்று இடையில் ஓராண்டு விலகியவரை மறுபடி பூஜ்ஜியத்தில் நிறுத்துவது அநியாயம்.

சிறப்புப் பங்களிப்பு விருதுக்குக் காலவரை குறியுங்கள்: ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை நடந்த வேலை மட்டும். இன்னொரு கோடும் போட வேண்டியிருக்கும். தொழிலுக்குச் செய்த சேவை வேறு, சங்கத்துக்குச் செய்த சேவை வேறு. கணினித் துறையின் ஏசிஎம் சங்கம் இந்த இரண்டுக்கும் தனித்தனி விருது வைத்திருக்கிறது. மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கமான ஐஇஇஇ 1971-இல் ஏற்படுத்திய ஹாரடன் பிராட் விருதும் அந்த அமைப்புக்கு ஆற்றிய சேவைக்காக மட்டுமே தரப்படுவது. இந்தப் பிரிவு இல்லாவிட்டால், துறையில் பெயர்பெற்ற நிபுணர் ஒருவர் சங்கத்துக்கு இரண்டு உரை ஆற்றியதற்காகவே தன்னார்வலர் விருதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

தகுதி விதிகள் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. சம்பளம் வாங்கும் ஊழியர், நடப்புச் செயற்குழுவினர், விருதுக்குழுவினர் ஆகியோர் தகுதியில்லாதவர்கள். ஒருமுறை பெற்றவர் 5 ஆண்டுக்கு மறுபடி நிற்க முடியாது. சந்தா பாக்கியோ ஒழுங்கு நடவடிக்கையோ நிலுவையில் இருக்கிறதா என்று செயலாளர் மட்டும் பார்த்து, குழுவிடம் ‘தகுதி உண்டு’ அல்லது ‘இல்லை’ என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லட்டும். காரணம் குழுவுக்குத் தெரிய வேண்டியதில்லை. தகுந்தவர் இல்லாத ஆண்டில் விருது நிறுத்திவைக்கப்படும், பின்னால் கடுமையான தவறு நிரூபணமானால் திரும்பப் பெறப்படும் என்ற இரண்டு வரியையும் மறக்காமல் சேருங்கள். பெயர்கள் வந்த பிறகு விதியைத் திருத்தவே கூடாது. திருத்தினால், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்திருந்தாலும், ஒருவருக்காக வளைத்ததாகத்தான் பேச்சு வரும்.

26 வாரம் தாராளமாகப் போதும். பொதுக்கூட்டத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 24-ஆம் வாரம் விதிகளுக்குச் செயற்குழு ஒப்புதல். 22-இல் பரிந்துரை திறப்பு, 16-இல் முடிப்பு. 15-இல் தகுதிச் சரிபார்ப்பு. 14 முதல் 11 வரை நடுவர்கள் தனித்தனியாக மதிப்பிடுவது, 10-இல் கூடிப் பேசுவது, 9-இல் செயற்குழு ஏற்பு, 8-இல் பெறுபவருக்குத் தகவல். ‘ஏற்பு’ என்றால் நடைமுறையில் மீறல் இருந்தால் திருப்பி அனுப்பும் அதிகாரம் மட்டும். பட்டியலில் வேறு பெயரைச் செருகும் அதிகாரம் செயற்குழுவுக்கு இல்லை என்று எழுத்தில் இருக்கட்டும்.

---

நாற்பத்தி_ஒன்று எழுதியது:

பரிந்துரை ஏழெட்டு வருவதற்குக் காரணம் உறுப்பினர்களின் அக்கறையின்மை என்று நினைக்க வேண்டாம். கேட்கிற விதம்தான் காரணம். ‘சிறந்த தன்னார்வலரைப் பரிந்துரையுங்கள்’ என்றால் எல்லாருக்கும் தெரிந்த பெயர்தான் மனதில் வரும். கேள்வியை மாற்றுங்கள்: ‘இந்த ஆண்டு யார் இல்லாமல் போயிருந்தால் உங்கள் குழுவில் எந்த வேலை நின்றிருக்கும்?’ இப்படிக் கேட்டால் கூட்டக் குறிப்பு எழுதுகிறவர், கணக்கு முடிக்கிறவர், புது உறுப்பினரின் சந்தேகத்துக்கு இரவு பத்து மணிக்குப் பதில் போடுகிறவர் எல்லாரும் வெளியே வருவார்கள்.

இதைப் பொது மெயிலில் கேட்காதீர்கள். 9 கிளை, அத்துடன் நிலைக்குழுக்கள் எத்தனை உண்டோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதி, விருதுக்குழு உறுப்பினர் ஒருவருக்கு மூன்று நான்கு என்று பிரித்துக்கொடுத்துப் போனில் பேசச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழுவிலும் தலைவரிடம் மட்டும் கேட்டால் துணைத்தலைவர் பெயர்தான் வரும். சேர்ந்து ஒரு வருடமே ஆன ஒருவரிடமும் கேளுங்கள். அலுவலக ஊழியர்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் எந்தத் தன்னார்வலர் சொன்ன நாளில் வேலையை அனுப்புகிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

படிவத்தில் மூன்றே கேள்வி, மொத்தம் 300 சொல். என்ன செய்தார்? அதனால் என்ன மாறியது? அவர் நாளை விலகினால் அந்த வேலை தொடருமா? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் தன் தோளிலேயே சுமப்பவரையும், நான்கு பேரைப் பழக்கிவிட்டவரையும் பிரித்துக் காட்டுவது அதுதான்.

நிரப்பிய மாதிரி ஒன்றைப் படிவத்தோடு இணையுங்கள். ‘கிளை வளர்ச்சிக்காக அயராது பாடுபட்டார், அனைவரிடமும் அன்பாகப் பழகுவார்’ என்ற வரிக்கு எந்த நடுவராலும் மதிப்பெண் போட முடியாது. அதே ஆளைப் பற்றி இப்படி எழுதலாம்: ‘மார்ச் மாதம் கிளையில் 60 பேர் சந்தா புதுப்பிக்காமல் இருந்தார்கள். இவர் பட்டியலை மூன்றாகப் பிரித்து, தாமும் இரண்டு பேருமாக ஒவ்வொருவரையும் அழைத்துக் காரணம் கேட்டார். 38 பேர் திரும்பினார்கள். விலகியவர்கள் சொன்ன காரணங்களை ஒரு பக்கக் குறிப்பாக்கி உறுப்பினர் குழுவிடம் கொடுத்தார்.’ எண்கள் கற்பனைதான், ஆனால் நடுவருக்குப் பிடிமானம் கிடைப்பது இப்படி எழுதினால்தான்.

இன்னொரு ஆபத்து: நன்றாக எழுதத் தெரிந்த நண்பர் உள்ளவரே வெல்வது. விருதுக்குழுவில் ஒருவரை எழுத்துத் துணைக்கென்று ஒதுக்குங்கள். யார் கேட்டாலும் அவர் வாயால் சொல்வதைப் படிவத்தில் ஒழுங்காக ஏற்றித் தருவார். அந்த ஆண்டு இந்த எழுத்துத் துணையாளர் மதிப்பெண் போடமாட்டார். தன்னைத் தானே பரிந்துரைப்பதையும் அனுமதியுங்கள், உறுதிசெய்ய வேறொருவர் இருந்தால் போதும். சின்னக் கிளையில் வேலை செய்கிறவருக்கு எழுதித்தர ஆளே இருக்கமாட்டார்கள். ஆதரவுக் கடிதம் அதிகபட்சம் இரண்டு, மூன்றாவதைப் படிக்கவே வேண்டாம். ஆன்லைன் வாக்கெடுப்பு வைத்தால் பெரிய கிளைதான் ஜெயிக்கும்.

அடுத்த ஆண்டுக்காக இப்போதே ஒன்று தொடங்குங்கள். ஒவ்வொரு குழுச் செயலாளரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கி நான்கு பத்தி நிரப்பட்டும்: பெயர், வேலை, தேதி, விளைவு. நினைவை மட்டும் நம்பினால் கடைசி இரண்டு மாதம் உழைத்தவர்தான் கண்முன் நிற்பார். பிப்ரவரியில் உழைத்தவரைப் பற்றி நவம்பரில் யாரும் பேசமாட்டார்கள்.

---

கூட்டிப்பார் எழுதியது:

மதிப்பெண் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மதிப்பெண் நல்லதுதான், ஆனால் அப்படியே கூட்டினால் ஏமாற்றும். ஒரு கணக்கைப் பாருங்கள். மூன்று நடுவர்கள், மூன்று பேர், 25-க்கு மதிப்பெண்.

முதல் நடுவர்: அ 22, ஆ 21, இ 20.
இரண்டாம் நடுவர்: அ 23, ஆ 22, இ 21.
மூன்றாம் நடுவர்: அ 8, ஆ 14, இ 24.

கூட்டினால் அ 53, ஆ 57, இ 65. அதாவது ‘அ’-வைவிட ‘இ’ 12 மதிப்பெண் முன்னே. ஆனால் மூவரில் இருவர் ‘அ’-வைத்தான் முதலில் வைத்திருக்கிறார்கள், ‘இ’-யைக் கடைசியில். மூன்றாம் நடுவர் விரித்துப் போடுகிறவர் என்பதாலேயே முடிவு முழுக்க அவர் கைக்குப் போய்விட்டது. இதில் அவர் தவறு எதுவும் இல்லை. ஒவ்வொருவரும் மதிப்பெண் போடும் பழக்கம் அப்படி வேறுபடும்.

சரிசெய்ய எளிய வழி, ஒவ்வொரு நடுவரின் மதிப்பெண்ணையும் 1, 2, 3 என்று தரவரிசையாக மாற்றிக் கூட்டுவது. அப்போது அ 5, ஆ 6, இ 7. குறைந்த எண் முன்னிலை. பத்துப் பேருக்கு மேல் இருந்தால், மதிப்பெண்ணிலிருந்து அந்த நடுவரின் சராசரியைக் கழித்து அவருடைய திட்ட விலக்கத்தால் (அவர் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விரிந்திருக்கின்றன என்ற அளவால்) வகுப்பது இன்னும் நுட்பமானது. எக்செலில் இரண்டு சூத்திரம், அவ்வளவுதான். எந்த முறை என்பதை மதிப்பெண் வருவதற்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள். இந்தக் கணக்கும் பேச்சுக்கு ஒரு தொடக்கம்தான். மூன்றாம் நடுவர் ‘அ’-வுக்கு ஏன் 8 போட்டார் என்று 10-ஆம் வாரக் கூட்டத்தில் கேட்டே ஆகவேண்டும். மற்ற இருவர் கவனிக்காத ஒன்றை அவர் பார்த்திருக்கலாம்.

5 அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண் போதும். ஒவ்வொரு எண்ணுக்கும் பொருள் எழுதுங்கள். ‘தொடர்ச்சி’ என்ற அளவுகோலில் 1 என்றால் அவர் போனால் வேலை நின்றுவிடும். 3 என்றால் குறிப்புகள் எழுதிவைத்திருக்கிறார். 5 என்றால் வேறொருவர் ஏற்கெனவே அதைச் செய்துகொண்டிருக்கிறார். இப்படி எழுதாவிட்டால் ஒருவருடைய 3-க்கும் இன்னொருவருடைய 3-க்கும் சம்பந்தமே இருக்காது. எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். நேரம் அதிகம் உள்ளவருக்குச் சாதகமாகிவிடும். சின்னக் குழந்தை வைத்திருப்பவரும் இரண்டு ஷிப்ட் வேலை பார்ப்பவரும் எத்தனை நல்ல வேலை செய்தாலும் பின்தங்கிவிடுவார்கள்.

நடுவர்கள் 5 பேர், மாற்று 2 பேர். எல்லா நடுவரும் எல்லாப் பரிந்துரையையும் படிக்க வேண்டும். பங்கிட்டுப் படித்தால் ஒப்பீடே இல்லை.

---

மெல்லிய_நன்றி எழுதியது:

சந்தாத் தள்ளுபடி வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் உங்கள் துணைவிதியைப் பாருங்கள். ‘சந்தா செலுத்திய உறுப்பினருக்கே வாக்குரிமை’ என்று இருந்தால், விருது பெற்றவரின் வாக்குக்கே கேள்வி வந்துவிடும். பணமதிப்புள்ள பரிசை ஊதியமாகக் கருத இடமிருக்கிறதா என்று தணிக்கையாளரிடமும் கேட்க வேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய காரணம் வேறு. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஆசையுள்ள சிறுபிள்ளைகளிடம் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் பிறகு தாமாக வரைவது குறைந்தது. சொல்லாமல் திடீரென்று கொடுத்த பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை. ஆசையாகச் செய்கிற வேலைக்கு முன்னாலேயே பரிசைக் காட்டுவதில் இந்த ஆபத்து இருக்கிறது. தன்னார்வலர் தேடும் அறிவிப்பில் விருதைப் பற்றி எழுதாதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் புதிதாக எழுத வந்தவர்களுக்குப் பணமே இல்லாத வெறும் அடையாள விருது கொடுத்துப் பார்த்தார் யானா கல்லுஸ் என்ற ஆய்வாளர். அடுத்த மாதமும் தொடர்ந்தவர்கள் 20 சதவீதம் கூடினார்கள் (2017). ஆகவே வருடத்துக்கு ஒரு கேடயத்தோடு நிறுத்திவிடாமல், முதன்முறை வேலை செய்தவருக்கு அந்த வேலை முடிந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு கடிதம் போகட்டும். நான்கு வரி போதும். என்ன செய்தார் என்பது அதில் பெயர் சொல்லி இருக்க வேண்டும். ‘தங்கள் மேலான சேவைக்கு நன்றி’ என்று எல்லாருக்கும் ஒரே கடிதம் அனுப்புவதைவிட அனுப்பாமலே இருக்கலாம்.

தொழில்முறைச் சங்கத்தில் இன்னொன்று செய்ய முடியும். அவருடைய மேலதிகாரிக்கு ஒரு கடிதம். பல பேர் அலுவலக நேரத்தில் அனுமதி வாங்கித்தான் சங்க வேலைக்கு வருகிறார்கள். ஆனால் அவரைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். வெளிவேலை பார்ப்பது மேலிடத்துக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு.

---

விருதுக்குழு_அமைப்பாளர் எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. சேவைக் காலத்தைத் தனியாகப் பிரிப்பது, தரவரிசையாக மாற்றிக் கூட்டுவது இரண்டையும் குழுவில் வைக்கப்போகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். எங்கள் நடுவர் ஒருவர், பரிந்துரை வரக்கூடிய ஒருவரோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அந்த ஒருவருக்கு மட்டும் அவர் மதிப்பெண் போடாமல் விலகினால் போதுமா? இரண்டாவது, வினா எழுதுபவர்களையும் மதிப்பாய்வாளர்களையும் மேடையில் பாராட்டினால் ரகசியம் என்ன ஆகும்?

---

துணைவிதி எழுதியது:

போதாது. ஒருவருக்கு மட்டும் விலகினால் அந்த ஒருவருக்கு 4 நடுவரின் மதிப்பெண், மற்றவருக்கு 5 நடுவரின் மதிப்பெண். சராசரி எடுத்தாலும் சரிவராது: விலகியவர் தாராளமாகப் போடுகிறவராக இருந்தால், அந்த ஒருவருடைய சராசரி மட்டும் தாழும். அதோடு, போட்டியாளர்களின் மதிப்பெண்ணைக் குறைப்பதும் தன் ஆளுக்கு உதவுவதுதான். அந்தப் பிரிவு முழுவதிலிருந்தும் விலகி, மாற்று நடுவர் வரட்டும். விவாதத்தின்போதும் அறையில் இருக்கக் கூடாது. பெயர்ப் பட்டியலை மட்டும் முதலில் அனுப்பி, ஒரே அலுவலகம், உறவு, கூட்டுத்தொழில், வழிகாட்டி–மாணவர், அண்மையில் சேர்ந்து எழுதிய கட்டுரை ஆகியவற்றை எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள். படிவங்கள் அதற்குப் பிறகுதான் போக வேண்டும். ஒரே சங்கத்தில் பழக்கம் இருப்பதே நலன் முரண்பாடு என்று எடுத்துக்கொண்டால் நடுவரே கிடைக்கமாட்டார்கள்.

ரகசியம் பற்றி: மதிப்பாய்வாளர்களுக்கு ஆய்விதழ்கள் செய்வதையே செய்யுங்கள். ஆண்டு முடிவில் எல்லாருடைய பெயரையும் அகர வரிசையில் வெளியிடுவது, யார் எந்தக் கட்டுரையைப் பார்த்தார் என்பது இல்லாமல். ஆனால் ஒரு சின்னத் துறையில் மூன்றே மதிப்பாய்வாளர்கள் என்றால், பெயர் வந்ததுமே கட்டுரையாளர் கண்டுபிடித்துவிடுவார். அங்கே சம்மதம் கேட்டே போடுங்கள். வினா எழுதுகிறவர் விஷயத்தில் அந்தத் தேர்வு நடப்பில் இருக்கும்வரை பெயரையும் வேலையையும் சேர்த்துச் சொல்லாதீர்கள். பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் அவரைத் தேடி வருவார்கள். ‘சான்றிதழ்ப் பணிக்கான பங்களிப்பு’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, விவரமான பாராட்டைத் தலைவர் கையெழுத்திட்ட தனிக் கடிதத்தில் கொடுங்கள். ஒழுங்குக் குழுவில் இருப்பவர்களுக்கும் இதே வழிதான்.

---

நாற்பத்தி_ஒன்று எழுதியது:

கடைசிக் கட்டத்தில் கெட்டுப்போகிற சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு உழைத்து ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கேடயத்தில் அவர் பெயரைத் தப்பாகப் பொறித்துக் கொடுப்பது மனதை மிகவும் புண்படுத்தும்.

8-ஆம் வாரம் தகவல் சொல்லும்போதே விருதை ஏற்கிறாரா என்று கேளுங்கள். வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஏற்றால், பெயர் எப்படி வர வேண்டும் என்று அவர் கையாலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். முன்னெழுத்து ஒன்றா இரண்டா, புள்ளி உண்டா, பட்டம் முன்னால் வேண்டுமா, ‘ன’வா ‘ண’வா. உறுப்பினர் பதிவேட்டில் உள்ள பெயரை நம்பாதீர்கள், அது பல வருடம் முன்பு யாரோ தட்டச்சு செய்தது. அதை அப்படியே நகலெடுத்துப் பொறிப்பவருக்குக் கொடுத்து, பொறிக்கும் முன் வரைவுப் படம் வாங்கி, குழுவில் இல்லாத ஒருவரை எழுத்தெண்ணிப் படிக்கச் சொல்லுங்கள். ஆண்டையும் பாருங்கள்: 2025-இல் செய்த வேலைக்கு 2026-இல் கொடுக்கிறீர்கள் என்றால் எந்த ஆண்டு பொறிப்பது என்று விதியிலேயே இருக்கட்டும். கேடயம் கூட்டத்துக்கு 2 வாரம் முன்பே கையில் இருந்தால், பிழை தெரிந்தாலும் மாற்ற நேரம் இருக்கும்.

பாராட்டுரை 80 சொல்லுக்குள். நிதானமாகப் படித்தால் ஒரு நிமிடம். முதல் வரியிலேயே வேலையைச் சொல்லிவிடுங்கள், பிறந்த ஊர், படிப்பு எதுவும் வேண்டாம். மேடையில் படிப்பவர் முந்தைய நாளே பெயரை உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். குழுவாகச் செய்த வேலை என்றால் அத்தனை பேர் பெயரும், ஆளுக்கொரு சான்றிதழும். ‘குழு சார்பாகத் தலைவர் பெற்றுக்கொள்கிறார்’ என்றால் மற்றவர்கள் கீழே கை தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தேர்வாகாதவர்களைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. பரிந்துரைத்த ஒவ்வொருவருக்கும் 7-ஆம் வாரத்தில் பதில் போக வேண்டும், அவர்கள் அரங்கில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளக் கூடாது. எந்த அளவுகோலில் விவரம் போதவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள், மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டாம். அந்தப் பரிந்துரை அடுத்த 2 ஆண்டுக்கும் உயிரோடு இருக்கும், அந்தந்த ஆண்டின் வேலையை மட்டும் புதிதாகச் சேர்த்தால் போதும் என்றும் சொல்லுங்கள். பெயர் பரிந்துரைக்கப்பட்டதே தெரியாமல் இருப்பவருக்கு, பரிந்துரைத்தவர் சம்மதித்தால், அந்த 300 சொல்லை அப்படியே அனுப்பிவையுங்கள்.